மூங்கில் நடும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, மூங்கிலை 'மரம்' என்கிற விளக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சொந்த நிலத்தில் மூங்கில் வளர்க்கிறவருக்கு இது பெரிய விடுதலை. அடுத்த வருடமே தேசிய மூங்கில் இயக்கமும் புது வடிவில் வந்தது. அதிலிருந்து எந்த விவசாயக் கண்காட்சிக்குப் போனாலும் மூங்கில் கன்றுக்கு ஒரு கடை இருக்கிறது. 'பச்சைத் தங்கம்' என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ஏக்கருக்கு இத்தனை டன், டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கும் போட்டுத் தருகிறார்கள்.

நம் உழவர் கூட்டங்களில் என்னிடம் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள். "கன்னு எங்க சார் கிடைக்கும்?", "ஏக்கருக்கு எம்புட்டு சார் வரும்?" என் மண் இதற்கு ஒத்து வருமா, அந்த மண்ணில் உயிர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 160 கன்று பிடிக்கும். கன்று, குழி, சொட்டுநீர், வேலி எல்லாம் முதல் வருடமே கைக்காசு. விற்கிற மாதிரி கழி கிடைக்க நான்கைந்து வருடம் ஆகும். நெல் மாதிரி ஒரு போகம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்கிற பயிர் இல்லை இது. நான் வேலை காலம் முழுக்க வங்கியில் கடன் மனுக்களைப் புரட்டியவன். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ஜாமீன்தாரர் எல்லாம் கேட்போம். அந்த நிலத்தில் ஒரு கன அடி மண்ணில் எத்தனை மண்புழு இருக்கிறது என்று கேட்க எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. ஆனால் மூங்கிலைப் பொறுத்தவரை திருப்பிக் கட்டும் சக்தி அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன்.

மூங்கில் ஒரு புல் வகை. தேக்கு, வேம்பு போல வருடா வருடம் தண்டு தடிக்காது. குருத்து மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிட்டது. அதன் பிறகு உயரமாகத்தான் போகும். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு மூன்று நான்கு வருடம் உள்ளுக்குள் முற்றுகிற வேலைதான். அந்த முதல் இரண்டு மூன்று மாதம் குருத்துக்கு இலையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் நிற்கும் தாய்க் கழிகளும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் சேர்த்து வைத்த சாப்பாட்டில்தான் அது முப்பது அடி, நாற்பது அடி எழுகிறது. கடன் வாங்கிக் கட்டும் வீடு இல்லை, சேமிப்பை எடுத்துக் கட்டும் வீடு.

ஆகவே ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நாம் பார்க்கிற குருத்தின் தடிமன், அதற்கு முந்தின மாதங்களில் மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் காட்டுகிறது. கிழங்கு எளிதாக நகர இடம் இருந்ததா, மூச்சு விட்டதா, வேருக்கு உணவு எட்டியதா? மூங்கிலுக்கு ஆணிவேர் கிடையாது. எல்லாம் சல்லிவேர், அதிலும் பெரும்பகுதி மேல் ஒன்றரை இரண்டு அடியில். அந்த இரண்டடி மண்தான் மொத்த விவசாயமும். நிலத்தைச் சமன் செய்கிறேன் என்று ஜேசிபியை விட்டு மேல்மண்ணை வழித்து வரப்பில் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அசலை வரப்பில் போட்டுவிட்டு வட்டியை எதிர்பார்க்கிற கதை.

எந்த மண்ணுக்கு எந்த மூங்கில்? நம் தமிழ்நாட்டில் பழக்கமானவை இரண்டு. முள் உள்ள பெருமூங்கில் ஆற்றோர வண்டலை விரும்பும். ஈரம் வேண்டும், ஆழமான மண் வேண்டும், கொஞ்ச நாள் வெள்ளத்தைத் தாங்கும். கல் மூங்கில் என்கிற கெட்டி மூங்கில் வறண்ட மலையடிவாரத்துச் சரளை மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். ஒரே கல் மூங்கில் வறண்ட இடத்தில் உள்ளே ஓட்டையே இல்லாமல் கெட்டியாக வளர்கிறது, ஈரமான செழிப்பான இடத்தில் உள்ளே குழல் விழுகிறது. ஏணிக்கும் கைத்தடிக்கும் வறண்ட நிலத்துக் கழியைத் தேடி வாங்குவது இதனால்தான். பல்கூவா போன்ற முள்ளில்லாத வடகிழக்கு ரகங்கள் இப்போது திசு வளர்ப்புக் கன்றாக வருகின்றன. அவை தண்ணீரும் நல்ல மண்ணும் கேட்கிறவை. எங்கள் சிறுமலை அடிவாரம் மாதிரி வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்கிற செம்மண் பூமியில் பாசனம் இல்லாமல் அவற்றிடம் நோட்டீஸில் போட்ட டன்னை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு வகைக்கும் ஒத்துவராத மண் ஒன்று உண்டு: தண்ணீர் தேங்கும் களிமண். கிழங்கு மூச்சு முட்டி அழுகும். அழுகாவிட்டாலும் காற்றைத் தேடி மேலே மேலே வரும். ஒவ்வொரு வருடக் கிழங்கும் முந்தினதைவிட உயரத்தில் உட்காரும், தூர் மண்ணை விட்டு எழும்பி நிற்கும், குருத்து இளைக்கும். இதைக் கண்டுபிடிக்க மண் ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே மூங்கில் வேண்டாம். கட்டாயம் நட்டுத்தான் தீரவேண்டும் என்றால் மேட்டுப்பாத்தி போட்டு, வடிகால் வெட்டி நட வேண்டும். குழி எடுக்கும்போது இரண்டடியில் சுக்கான் பாறை கடப்பாரையில் தட்டுப்பட்டாலும் யோசிக்க வேண்டியதுதான். மூங்கிலுக்குச் சற்றே புளிப்பான மண் பிடிக்கும். பி.எச். 8.5-க்கு மேலே போன களர் நிலத்தில் இலை வெளுத்து நின்றுவிடும். இதற்கு மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு மண்ணை அனுப்பிவிடுங்கள், செலவு குறைவுதான்.

மண்ணின் தன்மை பாதிக் கதை. மீதிப் பாதி, அந்த மண்ணில் வேலை பார்க்கிறவர்கள்.

மூங்கில் இலையை விரலில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். நெல் தோகை மாதிரி அதிலும் சிலிக்கா, அதாவது நுண்ணிய மணல் சத்து, நிறைய இருக்கிறது. பூச்சி கடிக்காமல் செடியைக் காப்பதற்கும் தண்டுக்கு விறைப்புக் கொடுப்பதற்கும் அது உதவுகிறது. ஆனால் அதனாலேயே விழுந்த இலை சீக்கிரம் மட்குவதில்லை. கிளைரிசிடியா இலையை மூடாக்காகப் போட்டால் ஒரு மழையில் காணாமல் போய்விடும். மூங்கில் சருகு மாதக்கணக்கில் கிடக்கும். நுண்ணுயிர் நேரடியாக அதில் கைவைக்கத் திணறும். யாராவது அதை முதலில் நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

நறுக்குகிறவர்களில் முதல் ஆள் மரவட்டை. சின்னப் பிள்ளைகள் ரயில் பூச்சி என்று சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தொட்டால் கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொள்ளும் வகையும் உண்டு. சருகைத் தின்று உருண்டை உருண்டையாக எச்சம் போடும். அந்த எச்சத்தில் நுண்ணுயிர் சுலபமாகக் குடியேறும். சருகைக் கிளறினால் தத்திக் குதிக்கிற பொடிப் பூச்சிகள், கண்ணுக்கே தெரியாத மண் சிலந்திகள் எல்லாம் அடுத்த வரிசை. பூஞ்சணத்தை மேய்வதும், அதன் வித்துகளை இடம் மாற்றுவதும் இவைதான். மூங்கில் வேரோடு கூட்டு வைத்து மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சணமும் இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வாழ்கிறது. கடைசியில் மண்புழு. அது சருகுத் தூளையும் மண்ணையும் சேர்த்து விழுங்கிக் கீழே கொண்டுபோகிறது, மேலே கொண்டுவருகிறது. அது போட்ட துளை வழியாக மழைத் தண்ணீரும் காற்றும் இறங்குகின்றன. மூங்கிலின் சல்லிவேர் பழைய புழுத்துளைக்குள் இறங்கியிருப்பதை மண்ணைப் பிளந்து பார்த்தால் கண்ணாலேயே காணலாம். இலை இப்படி நொறுங்கி மட்கும்போதுதான் அதிலிருந்த சிலிக்காவும் சாம்பல் சத்தும் மறுபடி வேருக்குக் கிடைக்கின்றன.

சாம்பல் சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1980-களின் தொடக்கத்தில் பி.எஸ். ராமகிருஷ்ணனும் டோக்கியும் மேகாலயாவில் காட்டை எரித்துப் பயிர் செய்யும் ஜூம் நிலங்களை ஆராய்ந்தார்கள். எரித்து, பயிர் எடுத்து, தரிசாக விட்ட நிலத்தில் முளைத்து வரும் மூங்கில், மழையில் அடித்துப் போக இருந்த சாம்பல் சத்தைப் பிடித்துத் தன்னுடம்பில் சேர்த்து வைக்கிறது என்று காட்டினார்கள். அங்கே மூங்கில் அதை மண்ணுக்கே திருப்பித் தருகிறது. நாமோ கழியை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். ஆகவே கிளையையும் இலையையும் வெட்டிய இடத்திலேயே போட்டுவிடுங்கள். அடுப்புச் சாம்பல் இருந்தால் லேசாகத் தூவலாம், களர் நிலத்துக்கு மட்டும் வேண்டாம்.

உங்கள் நிலத்தில் இந்த வேலைக்காரர்கள் இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பெயர்த்து சாக்கில் கொட்டி மண்புழுவை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் நல்ல மண். இதைக் கோடையில் செய்து பார்த்துவிட்டுப் புழுவே இல்லை என்று கவலைப்படக் கூடாது, அவை ஆழத்தில் சுருண்டு தூங்கும்.

இன்னொரு சோதனை, எனக்கு இதுதான் பிடித்தது. மண் விஞ்ஞானிகள் செய்வதை நம் வீட்டுச் சாமானில் செய்யலாம். நைலான் கொசுவலையில் மூன்று பை தையுங்கள். வெங்காய மூட்டையின் பெரிய கண் வலையில் மூன்று பை. ஒவ்வொன்றிலும் 50 கிராம் காய்ந்த மூங்கில் இலையைப் போட்டுக் கட்டி, ஜோடி ஜோடியாக மூன்று இடத்தில் சருகுக்கு அடியில் மண்ணோடு ஒட்டி வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் வைத்துத் தை மாதம் எடுக்க வேண்டும். வெயிலில் உலர்த்தி, ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் எடை போடுங்கள். கொசுவலைக்குள் நுண்ணுயிர் போகும், மண்புழுவும் மரவட்டையும் போக முடியாது. பெரிய கண் பைக்குள் எல்லாரும் போவார்கள். இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம்தான் மண்ணுயிர்கள் பார்த்த வேலை. என் தோட்டத்தில் சருகை அள்ளாமல் விட்ட குத்துகளுக்கு அடியில் பெரிய கண் பையில் நரம்பும் காம்பும்தான் மிஞ்சின. நடைபாதைக்குப் பக்கத்தில், நாங்கள் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிற இடத்தில், இரண்டு பைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இல்லை என்றால் உடனே மண்புழு வாங்கி விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உரத் தொட்டியில் வளர்க்கிற ஆப்பிரிக்கப் புழு சாணத்திலும் குப்பையிலும் வாழ்கிறது, நிலத்தில் விட்டால் நிற்காது. நிலத்தை உழுகிறது நம் நாட்டுப் புழு. சென்னைப் புதுக்கல்லூரியில் இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் ஐயா இதை எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார். நாட்டுப் புழுவுக்கு நிழலும் ஈரமும் தீனியும் கொடுத்தால் தானே வரும். முதல் இரண்டு வருடம் வரிசைகளுக்கு நடுவில் சணப்பு, கொள்ளு, தட்டைப்பயறு போட்டு மடக்கிவிடுங்கள். மூங்கில் சருகோடு கிளைரிசிடியா, கொளுஞ்சி, ஆவாரந்தழை கலந்து போட்டால் காய்ந்ததும் பச்சையும் சேர்ந்து சீக்கிரம் மட்கும்.

இப்போது கரையான். மூங்கில் நட்டவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், மருந்துக்கடைக்காரர் டப்பாவை எடுத்து நீட்டுவதும் இதற்குத்தான். கழியின் மேல் மண் பூசிக்கொண்டு ஏறியிருப்பதைப் பார்த்ததும் "போச்சு சார், கரையான் தின்னுருச்சு" என்று போன் வரும். அந்த மண் பூச்சைக் கையால் துடைத்துவிட்டுக் கழியைப் பாருங்கள். பெரும்பாலும் குருத்தை மூடியிருந்த காய்ந்த மடலைத்தான் அது தின்றிருக்கும். கீழே கழி பச்சையாக, கெட்டியாக இருக்கும். நம் நிலத்தில் புற்று வைக்கும் கரையானுக்கு முக்கியமான சாப்பாடு காய்ந்தது, செத்தது. சருகைக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் காளான் தோட்டம் போட்டு, மட்கியதைச் சாப்பிடுகிறது. மழைக்குப் புற்றில் நாம் பறிக்கும் காளான் அந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான். ஆழத்துக் களிமண்ணை மேலே கொண்டுவருவதும், இறுகிய நிலத்தில் தண்ணீர் இறங்க வழி போடுவதும் அதே கரையான். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ உழவர்கள் பாறை மாதிரி இறுகிய பொட்டலில் குழி எடுத்து எரு போட்டு, கரையானை வரவழைத்தே மண்ணை இளக்குகிறார்கள். அந்தக் குழிக்கு அவர்கள் வைத்த பெயர் ஸாய்.

கரையான் உண்மையாகவே தொந்தரவு செய்வது முதல் இரண்டு வருடம், அதுவும் மாசி பங்குனியில் கன்று வாடி நிற்கும்போது. வேரில் காய்ந்த பகுதி இருந்தால் அங்கே ஆரம்பித்துப் பச்சைக்குள் போய்விடும். சுற்றிலும் சருகே இல்லாமல் துடைத்து வைத்த நிலத்தில் தின்ன வேறு என்ன இருக்கிறது அதற்கு? குழியில் வேப்பம்புண்ணாக்குப் போடுங்கள், ஈரம் குறையாமல் பாருங்கள், கன்றின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மூடாக்குப் போடுங்கள். மட்காத சாணத்தைக் குழியில் போடவே கூடாது. கரையானை அழைப்பது மட்டுமல்ல, வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுவையும் வண்டுப் புழுவையும் நாமே கொண்டுவந்து விடுகிற மாதிரி ஆகும். குளோர்பைரிபாஸை ஊற்றினால் கரையான் சாகும், சரி. கூடவே மரவட்டையும் மண்புழுவும் பொடிப் பூச்சியும் சாகும். அடுத்த வருடச் சருகை யார் நறுக்குவது?

மூடாக்கு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பதும் சரியில்லை. சீனாவில் சேசியாங் மாகாணத்து லின்ஆன் பகுதியில் குருத்தைச் சமையலுக்கு விற்பதற்காகவே ஒரு வகை ஓடு மூங்கிலை வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் குருத்து வந்தால் விலை அதிகம் என்பதால் உமியையும் வைக்கோலையும் கனமாகக் கொட்டி மண்ணைச் சூடாக்கி, ரசாயன உரத்தையும் அள்ளிப் போட்டார்கள். சில வருடம் பணம் கொட்டியது. பிறகு மண் புளித்தது, கிழங்குகள் மேலே ஏறின, தோப்புகள் நொடித்தன. மூன்று நான்கு விரல் கனத்துக்குச் சருகு இருந்தால் நமக்குப் போதும்.

மேற்கு ஜாவாவில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மூங்கில் தோப்பை வெட்டி, இரண்டு வருடம் காய்கறியும் மரவள்ளியும் பயிர் செய்து, பிறகு நான்கு வருடம் மூங்கிலுக்கே நிலத்தை விட்டுவிடுகிறார்கள். மூங்கில் இல்லாவிட்டால் நிலம் செத்துப்போகும் என்பது அங்கே உழவர் பேச்சு. 1990-களில் கிறிஸ்டான்டியும் அவரோடு இருந்தவர்களும் இதை அளந்து பார்த்தார்கள். பயிர்க் காலத்தில் கீழே இறங்கிப்போன சத்தை மூங்கிலின் சல்லிவேர் பிடித்து இழுக்கிறது, உதிரும் சருகும் மடியும் வேரும் மேல்மண்ணில் மட்கைச் சேர்க்கின்றன என்பது அவர்கள் கண்டது. நாம் கழி விற்கப் பார்க்கிறோம், அவர்கள் மண்ணை மீட்க மூங்கில் வளர்க்கிறார்கள். வெளுத்துப்போன ஒரு மூலை நிலம் இருக்கிறவர்கள் கணக்கை இந்தப் பக்கமிருந்தும் போட்டுப் பார்க்கலாம்.

நட்ட பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. சருகை எரிக்காதீர்கள், தோப்பைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்கு மட்டும் சருகில்லாத தீத்தடுப்புப் பாதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு வரிசைக்குள் டிராக்டர் வேண்டாம். அடிவாரத்துக்காரர்களுக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் தனிப் பிரச்சினை, இளம் குருத்தும் கிழங்கும் அவற்றுக்கு விருந்து. வேலிச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் இறங்காதீர்கள். கிழங்கு மேலேறுவது நல்ல மண்ணிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் என்பதால் வருடம் ஒருமுறை தூரைச் சுற்றி அரையடி உயரத்துக்கு மட்கிய எருவும் மண்ணும் கலந்து அணைக்க வேண்டும். இதைச் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். வைகாசிக்குப் பிறகு தூர்ப்பக்கம் மண்வெட்டி போனால், வெளியே தெரியாமல் உப்பிக்கொண்டிருக்கும் குருத்து மொட்டு வெட்டுப்பட்டுவிடும்.